ஈரல் வியாதியும் தீண்டாமையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு வியாதியைப் பற்றியதாகும். வியாதியைப் பற்றிச் சொல்ல டாக்டர்கள் இருக்கும்போது இந்த மேடையில் அதற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வியாதிக்கு மருந்து கொடுப்பது டாக்டர் வேலை என்பது வாஸ்தவந்தான். ஆனால் வியாதிக்காரனைத் திண்ணையில் ஒதுக்கி அவனுக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் வைப்பதும், அந்த வீட்டில் பெண் கொடுக்கவோ பெண் எடுக்கவோ மாட்டோம் என்பதும், பிள்ளைத்தாய்ச்சியின்மேல் பழி சொல்லித் தாய் வீட்டுக்கு விரட்டுவதும் எந்த டாக்டரும் எழுதிக்கொடுத்த சீட்டல்ல. அவ்வளவும் ஜனங்களாகிய நாம் செய்கின்ற காரியங்களேயாகும். ஆதலால் அவற்றைப் பற்றிப் பேசவேண்டிய இடம் ஆஸ்பத்திரி அல்ல. இந்த மாதிரிக் கூட்டந்தான்.

அவ்வியாதிக்கு ஹெபடைடிஸ் பி என்று பெயர். ஈரலைத் தாக்குகிற ஒரு நுண்கிருமியால் வருவது. உலக சுகாதார ஸ்தாபனம் போட்ட கணக்குப்படி 2022ம் வருஷத்தில் உலகத்தில் 25 கோடியே 40 லட்சம் பேருடைய உடம்பில் இக்கிருமி நிலையாய்க் குடிகொண்டிருந்தது. அவர்களில் ஏறக்குறைய 3 கோடிப் பேர் இந்தியாவில் உள்ளவர்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இவ்வியாதியால் உலகத்தில் இறந்தவர்கள் 11 லட்சம் பேர். இவற்றை எல்லாம்விட யோசிக்கத்தக்க கணக்கு இன்னொன்று உண்டு. கிருமி உள்ளவர்கள் நூறு பேர் என்றால் அவர்களில் தமக்கு அது இருக்கிறதென்று அறிந்திருந்தவர்கள் 13 பேர்தான். மருந்து சாப்பிட்டவர்கள் 3 பேர்தான். மற்ற 87 பேரும் ஒன்றும் அறியாமலே நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

அறியாமல் இருப்பதற்குக் காரணம் என்னவென்றால், இந்தக் கிருமி ஆரவாரம் செய்யாமல் இருப்பதுதான். நம் ஜனங்கள் ஈரல் வியாதி என்றால் கண் மஞ்சளாக வேண்டும், சிறுநீர் மஞ்சளாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். நிலையாய்க் கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணும் மஞ்சளாவதில்லை, காய்ச்சலும் வருவதில்லை. இருபது வருஷம், முப்பது வருஷம் உழைத்துச் சம்பாதித்து நன்றாய்த்தான் இருப்பார்கள். உள்ளே ஈரல் கொஞ்சங் கொஞ்சமாகத் தழும்பேறி, சிலருக்கு முடிவில் சுருங்கிப் போகும். சிலருக்கு அதில் புற்று உண்டாகும். வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "முன்னமே வந்திருக்கக் கூடாதா?" என்று டாக்டர் கேட்பார். முன்னமே தெரிந்தால்தானே முன்னமே போவதற்கு?

எதனால் ஒட்டும், எதனால் ஒட்டாது

இக்கிருமி ரத்தத்தின் மூலமும், உடல் உறவின் மூலமும், பிரசவ காலத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் ஒட்டும். ஒருவருக்குப் போட்ட ஊசியைச் சுத்தம் செய்யாமல் மற்றவருக்குப் போட்டால் ஒட்டும். ஒருவரை வெட்டிய சவரக் கத்தி, பிளேடு, பச்சை குத்தும் ஊசி, காது குத்தும் ஊசி இவைகளால் ஒட்டும். உடம்புக்கு வெளியிலும் இக்கிருமி ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஆகையால் ரத்தம் காய்ந்து போய்விட்டது என்று அலட்சியம் செய்வதற்கில்லை.

இனி, எதனால் ஒட்டாது என்பதைக் கவனியுங்கள். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தால் ஒட்டாது. கையைப் பிடித்தால், கட்டித் தழுவினால், பக்கத்தில் உட்கார்ந்தால், தும்மினால், இருமினால் ஒட்டாது. தாய்ப்பாலால் ஒட்டாது. சோற்றாலும் தண்ணீராலும் பரவுகிற காமாலைக் கிருமிகள் வேறே இருக்கின்றன. அவைகளுக்கு ஏ என்றும் ஈ என்றும் பெயர். நம்மவர்கள் எல்லாவற்றையும் மஞ்சள் காமாலை என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டதால் வந்த குழப்பம் இது.

இப்போது நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். ஒருவனுக்கு இக்கிருமி இருக்கிறதென்று தெரிந்தவுடன் முதலில் அவன் தட்டைப் பிரிக்கிறார்கள்; டம்ளரைப் பிரிக்கிறார்கள்; பாயைப் பிரிக்கிறார்கள். பேரப்பிள்ளையை மடியில் வைக்காதே என்கிறார்கள். ஆனால் அதே வீட்டில் அண்ணன் தம்பிகள் ஒரே பிளேடில் சவரம் செய்துகொள்ளுவார்கள். ஒரே நகவெட்டி எல்லாருக்கும் உபயோகப்படும். எது ஒட்டாதோ அதைப் பிரித்து வைக்கிறோம். எது ஒட்டுமோ அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளுகிறோம். இது ஜாக்கிரதையா, அல்லது தீண்டாமையா என்று கேட்கிறோம். தீண்டாமை என்பதற்கு என்றுமே காரணம் கிடையாது, பழக்கந்தான் உண்டு. ஒரு மனிதனைத் தள்ளி வைக்க ஒரு சாக்கு கிடைத்தால், சாக்கு சரியா என்று பார்க்காமல் தள்ளி வைத்தே பழகிவிட்ட சமூகம் நம்முடையது. ஜாதியைச் சொல்லித் தனி டம்ளர் வைத்த கை, இப்போது வியாதியைச் சொல்லி வைக்கின்றது.

சவரம் செய்யும் தோழர்கள்மீது குற்றம் சொல்லுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. அவரவர் கண்ணெதிரில் புதுப் பிளேடு போடச் சொல்லிக் கேட்பது சவரம் செய்துகொள்ளுகிறவன் கடமை. அதுபோலவே திருவிழாவில் அலகு குத்திக்கொள்ளுகிறவர்களும், ஒருவர் நாக்கில் ஏறிய கம்பி சுத்தம் செய்யப்படாமல் மற்றவர் நாக்கில் ஏறினால் அருளோடு கூட வேறு என்னென்ன ஏறும் என்று யோசித்துப் பார்க்கவேண்டும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்குப் போனாலும் ஊசி போடாதவர் டாக்டரே அல்ல என்பது நம் கிராமத்தார் அபிப்பிராயம். மாத்திரை போதும் என்று சொன்னால், "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று அடுத்த தெருவிலுள்ள போலி வைத்தியரிடம் போய்விடுவார்கள். 2009ம் வருஷத்தில் குஜராத்தில் மொடாசா என்ற ஊர்ப் பக்கத்தில் போட்ட ஊசியையே திரும்பத் திரும்பப் போட்டதால் இவ்வியாதி நூற்றுக்கணக்கான பேரைப் பிடித்துப் பலர் மாண்டார்கள். வேண்டாத ஊசி போட்டுக்கொள்ளுவதும், வேண்டியபோது புதிய ஊசிதானா என்று கேட்க வெட்கப்படுவதும் இரண்டும் ஆபத்தேயாகும்.

பெண்கள்மேல் போடும் பழி

தாய்மார்களே! இதில் உங்களைப் பற்றிய விஷயம் ஒன்று இருக்கிறது. கர்ப்பமான பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். அதனால் அனேக வீடுகளில் முதன்முதல் சோதிக்கப்படுகிறவள் மருமகளாகத்தான் இருக்கிறாள். கிருமி இருக்கிறதென்று சீட்டு வந்தவுடன், "இவள் எங்கே போய் வாங்கிவந்தாள்?" என்று மாமியார் கேட்கிறார், புருஷனும் கேட்கிறான். அந்தப் புருஷன் ஒரு துளி ரத்தம் கொடுத்துத் தன்னைச் சோதித்துக்கொண்டானா என்றால் இல்லை. முதலில் தெரிந்துகொண்டவள் முதலில் வாங்கினவள் ஆவாளா? விளக்கை ஏற்றினவள்தான் இருட்டைக் கொண்டுவந்தவள் என்பதுபோல் அல்லவா இது இருக்கிறது?

உண்மை என்னவென்றால், பெரியவர்களுக்கு இக்கிருமி புதிதாய் ஒட்டினால் நூற்றுக்கு 95 பேருக்குமேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து பெற்ற குழந்தைகளுக்கோ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரையில் அது நிலைத்துவிடும். ஆகவே நிலையாய்க் கிருமி உள்ள ஒரு பெண், கண் விழிக்காத சிசுவாயிருந்தபோதே அதைப் பெற்றிருக்கக்கூடும். அவளைப் பெற்றவளும் அறியாமலே கொடுத்திருக்கக்கூடும். இதில் கற்பு எங்கே வந்தது? கற்பு என்பதைப் பெண்ணுக்கு மாத்திரம் எழுதிவைத்தவர்கள், ரத்தப் பரிசோதனையையும் பெண்ணுக்கு மாத்திரம் என்று வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுவது எந்த நியாயம்? சோதனை வேண்டுமானால் புருஷனுக்கும் வேண்டும், மாமியாருக்கும் வேண்டும், வீட்டிலுள்ள எல்லாருக்கும் வேண்டும்.

மந்திரமும் பச்சிலையும்

நிற்க, காமாலைக்கு மந்திரிக்கிறவர்களும், சூடு போடுகிறவர்களும், கண்ணிலும் மூக்கிலும் சாறு பிழிகிறவர்களும் நம் நாட்டில் இன்றும் நன்றாய்ப் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். "எங்கள் சித்தப்பாவுக்கு மந்திரித்ததும் குணமாகிவிட்டதே, அது பொய்யா?" என்று கேட்கிறார்கள். குணமானது பொய்யல்ல. ஆனால் குணமாக்கியது யார் என்பதுதான் கேள்வி. ஏ, ஈ என்கிற காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே போய்விடுபவை. பி என்பதும் புதிதாய் ஒட்டின பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேரைத் தானாகவே விட்டுவிடும் என்று முன்னமே சொன்னோம். ஆகவே மந்திரிக்கிறவர் சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பிழைக்கத்தான் போகிறார்கள். பிழைத்தவன் காணிக்கை கொடுப்பான். செத்தவன் வந்து கேட்கப்போவதில்லை. அவனுக்கு விதி முடிந்துவிட்டது என்பதாகச் சொல்லிவிடலாம். இதைப்போன்ற நஷ்டமில்லாத வியாபாரம் உலகத்தில் வேறே உண்டா? இதில் பெரிய ஆபத்து எதுவென்றால், கண் மஞ்சள் தெளிந்தவுடன் குணமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு, உள்ளே கிருமி தங்கிவிட்டவன் அதன்பின் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடுவதுதான்.

கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது நம் நாட்டு மருந்து, அதை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று கேட்கலாம். யாரும் ஒதுக்கவில்லை. சென்னையில் டாக்டர் எஸ். பி. தியாகராசன் முதலியவர்கள் அதை ஒழுங்காய்ச் சோதித்தார்கள். இக்கிருமியின் அடையாளத்தை ரத்தத்தில் முதன்முதல் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க் என்ற அமெரிக்கரும் அதில் சேர்ந்திருந்தார். சிலருக்குக் கீழாநெல்லி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்து, 1988ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் சோதித்தபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அதன்பின் பல சோதனைகளையும் ஒன்றாய்ச் சேர்த்து 2011ல் பார்த்ததில், வெறும் மாத்திரையைவிட அது மேலானது என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று கண்டார்கள்.

இதில் யாருக்கும் அவமானம் கிடையாது. சோதித்துப் பார்த்ததும் அறிவு. மறுபடியும் சோதித்து இல்லையென்றால் இல்லையென்று ஒப்புக்கொண்டதும் அறிவு. நம்முடையது என்பதற்காக ஒன்றை நம்புவதும், நம்முடையது என்பதற்காக ஒன்றை இகழ்வதும் இரண்டும் அறிவாகாது. பாட்டன் சொன்னான் என்பதையும், வெள்ளைக்காரன் சொன்னான் என்பதையும் ஒரே தராசில் போட்டுத்தான் நிறுக்கவேண்டும்.

தலையெழுத்தும் தடுப்பூசியும்

சிலர் இதை முற்பிறப்பில் செய்த பாவம் என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம். தைவான் என்ற தீவில் ஒரு காலத்தில் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்கு இக்கிருமி இருந்தது. 1984ம் வருஷத்தில் அங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். பதினைந்து வருஷத்தில் குழந்தைகளிடம் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. குழந்தைகளுக்கு வரும் ஈரல் புற்றும் ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தது. இப்போது நாம் கேட்கிறோம்: 1984க்குப் பிறகு தைவானில் பிறந்த குழந்தைகள் எல்லாரும் முற்பிறப்பில் புண்ணியம் செய்தவர்கள்தானா? அல்லது பிரம்மா எழுதின எழுத்து ஊசிமுனை பட்டதும் அழிந்துபோய்விட்டதா? ஊசியால் அழியக்கூடிய எழுத்தானால் அதற்கு ஏன் இவ்வளவு காலம் பயந்தோம்?

நம் நாட்டிலும் 1997ல் ஹைதராபாத்தில் இத்தடுப்பூசியைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். 2011க்குள் குழந்தைகளுக்குச் சர்க்கார் இலவசமாய்ப் போடுவது தேசம் முழுவதும் வந்துவிட்டது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. பிறகு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் மற்றவை. இந்த 24 மணி நேரம் என்பதை மறவாதீர்கள். தாய்க்குக் கிருமி இருந்தால் பிள்ளையைக் காப்பாற்றுகிற நேரம் அதுதான். அஷ்டமி, நவமி, தீட்டு, புண்ணியாஹவாசனம் என்று தள்ளிப்போட்டால், கிருமி பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டு காத்திருக்காது. கிருமியுள்ள தாயின் குழந்தைக்குத் தடுப்பூசியோடு இன்னொரு பாதுகாப்பு ஊசியும் போடுகிறார்கள். தாயின் ரத்தத்தில் கிருமி அதிகமிருந்தால் கர்ப்ப காலத்திலேயே அவளுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். இவ்வளவும் செய்தால் கிருமியுள்ள தாயும் கிருமியில்லாத பிள்ளையைப் பெற்று, தன் பாலையே கொடுத்து வளர்க்கலாம்.

சர்க்கார் திட்டம் வருவதற்குமுன் பிறந்த பெரியவர்களில் பலர் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் அல்ல. அவர்கள் சோதித்துப் பார்த்து, கிருமி இல்லையென்றால், ஆறு மாதத்தில் மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம். முக்கியமாய் ஆஸ்பத்திரிகளில் ரத்தத் துணியையும் ஊசிக் குப்பையையும் அள்ளுகிற துப்புரவுத் தோழர்கள் முதலில் போட்டுக்கொள்ளவேண்டும். அவர்களுக்குப் போடாமல் அவர்கள் கையில் குப்பைக் கூடையைக் கொடுப்பவர்கள் மகா பாதகம் செய்கிறவர்கள் என்றே சொல்லுவோம்.

கல்யாணமும் வேலையும்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ரஜ்ஜு என்கிறோம், நாடி என்கிறோம், ரத்தத்தைப் பார்ப்பதில்லை. ரத்தம் பார்க்கச் சொல்லுவது கல்யாணத்தை நிறுத்துவதற்காக அல்ல, நடத்துவதற்காகவே சொல்லுகிறோம். ஒருவருக்குக் கிருமி இருந்தால் மற்றவர் தடுப்பூசி போட்டுக்கொண்டு, உடம்பில் பாதுகாப்பு வந்துவிட்டதா என்று சோதித்துக்கொண்டு, தாராளமாய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம். அதுவரையில் ஆணுறை இருக்கவே இருக்கிறது. செவ்வாய் தோஷத்துக்குக்கூடப் பரிகாரம் உண்டென்று நம்புகிறவர்கள், பரிகாரம் கையில் இருக்கிற இதற்கு ஏன் பயப்படவேண்டும்?

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிற நம் வாலிபர்கள் புறப்படுமுன் செய்யும் சோதனையில் இந்த ரத்தச் சோதனையும் சேர்ந்திருக்கிறது. கிருமி இருந்தால் தகுதியில்லை என்று தள்ளிவிடுகிறார்கள். நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டியவன், "அன்ஃபிட்" என்ற ஒரே வார்த்தையோடு ஊர் திரும்புகிறான். அது என்ன வியாதி, இனி என்ன செய்வது என்று சொல்லுவார் இல்லாமல், வெட்கத்தால் வீட்டிலும் சொல்லாமல் இருந்துவிடுகிறான். கொத்துவேலை செய்கிறவனும் கார் ஓட்டுகிறவனும் யாருக்கும் கிருமியை ஒட்டவைக்கப் போவதில்லை. பல கோடிப் பேருக்கு இக்கிருமி உள்ள சீன தேசத்திலேயே, வேலைக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கும் இச்சோதனையைக் கேட்கக்கூடாதென்று 2010ம் வருஷத்தில் உத்தரவு போட்டார்கள். அன்னிய நாட்டுச் சட்டத்தை நாம் மாற்ற முடியாமல் இருக்கலாம். திரும்பி வந்த பிள்ளையிடம், "வேலை போனால் போகட்டும்; இப்போதாவது தெரிந்ததே, வா ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று சொல்லுவதை யார் தடுக்கிறார்கள்?

கிருமியோடு வாழ்வது

கிருமி உள்ள தோழர்களுக்கும் சில வார்த்தைகள் சொல்லுகிறோம். இது இருப்பதால் நீங்கள் நாளைக்கே சாகப்போவதில்லை. கிருமியை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனால் டெனோஃபோவிர், என்டெகாவிர் என்ற மாத்திரைகள் அதை அடக்கி வைத்து ஈரலைக் காப்பாற்றுகின்றன. எல்லாருக்கும் உடனே மாத்திரை வேண்டியதில்லை. யாருக்கு வேண்டும் என்பதைச் சோதித்துப் பார்த்து டாக்டர் சொல்லுவார். வேண்டாம் என்று சொன்னாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளவேண்டும். மாத்திரை ஆரம்பித்தவர்கள் உடம்பு நன்றாயிருக்கிறதென்று தாமாக நிறுத்திவிடக் கூடாது; நிறுத்தினால் கிருமி மறுபடியும் சீறி எழும்பும். சாராயம், பிராந்தி முதலியவைகளை அடியோடு விடவேண்டும். உப்பில்லாப் பத்தியம், எண்ணெயில்லாப் பத்தியம் என்று உடம்பைக் காயப்போட வேண்டிய அவசியமில்லை. பிளேடையும் பல் துலக்கும் பிரஷையும் நகவெட்டியையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். காயம் பட்டால் கட்டுப் போடுங்கள். ரத்தம் சிந்தினால் பிளீச்சிங் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். தட்டையும் டம்ளரையும் எல்லாரோடும் சேர்த்தே வையுங்கள்.

2018 ஜூலை 28ந் தேதி முதல் இந்திய சர்க்கார் இதற்கென்று ஒரு திட்டம் ஏற்படுத்தி, சோதனையும் மருந்தும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாய்க் கிடைக்கும்படி செய்திருக்கிறது. அது யாருடைய தர்மமும் அல்ல. நீங்கள் கொடுத்த வரிப்பணந்தான். போய்க் கேட்டு வாங்க வேண்டியது உங்கள் உரிமை. மருந்து இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பதும் உங்கள் உரிமை.

ஆகவே தோழர்களே! நாம் சொன்னதை நாம் சொன்னதற்காக நம்பவேண்டாம். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைக் கேளுங்கள், படித்தவர்களைக் கேளுங்கள், பிறகு உங்கள் புத்தியில் வைத்து யோசியுங்கள். சரியென்று பட்டால் இந்த வாரத்திலேயே வீட்டோடு போய் ஒரு துளி ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் முதலில் கையை நீட்டுங்கள். இல்லையென்று வந்தவர்கள் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இருக்கிறதென்று வந்தவர்களோடு அன்று இரவே ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நூறு பேருக்கு 87 பேர் அறியாமல் இருக்கிற நிலைமை மாறவேண்டுமானால், அறிந்தவனை அவமானப்படுத்தும் வழக்கம் முதலில் ஒழியவேண்டும். அவமானம் இருக்கிற வரையில் யாரும் சோதிக்க வரமாட்டார்கள். சோதிக்க வராத வரையில் கிருமி நம் வீட்டுப் பிள்ளைகள்மேல் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்பதை மறுமுறையும் வற்புறுத்தி, இத்துடன் நம் பேச்சை முடித்துக்கொள்ளுகின்றோம்.